அழைத்த பெயர்களும் ஏற்ற பெயர்களும்

வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்த நம் இலக்கணப் பெரியோர், தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றை வைத்தனர். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், இடுகாட்டை நன்காடு என்பதும், காராட்டை வெள்ளாடு என்பதும் மங்கல வழக்கின்பாற்படும். இவ்வெடுத்துக்காட்டுகளைப் பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கின்றோம். கரிய ஆட்டை வெள்ளாடு என்று அழைத்தால் ஆட்டின் நிறம் மாறுமோ என்று மட்டும் நம்முள் எவரும் கேட்டதில்லை. நிறம் மாறாது. அழைப்பவனுடைய மனம்தான் சற்று ஆறுதல் அடைகின்றது.

நம் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பொறுப்பாளர்கள் பணித்தபோது, மன்னர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ எழுத மனம் செல்லவில்லை. நம் மக்களைப் பிறர் அழைத்த பெயர்கள் பல. நாமே விரும்பி ஏற்ற பெயர்கள் சில. அப்பெயர்கள் வந்த வழியையும், அவற்றுக்காக நம் முன்னோர் நடத்திய வழக்குகளையும் எழுதுவதே இளைஞர்களுக்குப் பயன்படும் எனக் கருதினேன். விண்ணப்பத் தாளிலும் சான்றிதழிலும் முகவரியிலும் நீங்கள் எழுதும் சொற்களைப் பற்றிய செய்தி இது.

சொல்லுக்கு இருவகைப் பொருள் உண்டு என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தெரிநிலையாகப் புலப்படுவது ஒன்று, குறிப்பாகத் தோன்றுவது மற்றொன்று என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலேயே வகுத்துவிட்டார். முன்னது அகராதியில் கிடைக்கும். பின்னது கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் அலுவலகத்துத் தாழ்வாரத்திலும்தான் கிடைக்கும். ஊர்ப் பெரியவர் மறைந்தால் ‘காலமானார்’ என்பர். அவர் நிலத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்த பண்ணையாள் மறைந்தால் ‘செத்தான்’ என்பர். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் பொருள் ஒன்றே. சாவிலும் இருவரையும் பிரித்து வைத்தது அந்த இரண்டாவது பொருளேயாகும்.

முதலில் ‘சேரி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சேர்ந்து வாழுமிடம் சேரி. சங்க இலக்கியங்களில் இச்சொல் மக்கள் குடியிருப்பு என்னும் பொதுப்பொருளில் வழங்குகின்றது. தொல்காப்பியச் செய்யுளியலில், ஆராய்ந்து பார்க்க வேண்டாது பொருள் எளிதில் விளங்குமாறு சேரிமொழியால் செவ்விதாகக் கூறப்படும் நூல்வகைக்குப் ‘புலன்’ என்று பெயர் தரப்பட்டுள்ளது. சேரிமொழி அன்று பழிப்புக்குரியதாக இல்லை. தெளிவுக்கு அடையாளமாக இருந்தது. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களின் உட்பிரிவுகளும் சேரி என்றே வழங்கின. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைச் சூழக் குடியமர்த்திய ஆடல் மகளிர் நானூற்றுவரைக் கல்வெட்டு ‘தளிச்சேரிப் பெண்டுகள்’ என்று குறிக்கின்றது. புதுச்சேரியும் வேளச்சேரியும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. அங்கு வாழ்வோர் எவரும் அதற்காக நாணுவதில்லை.

ஆயினும் அதே தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட இடங்களைச் சொல்லுமிடத்து, ஊர்நத்தத்துடன் பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி ஆகியவை தனித்தனியே எண்ணப்படுகின்றன. தீண்டாச்சேரி என்னும் பெயரும் காணப்படுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தீண்டாமை கல்லில் எழுதப்பட்டுவிட்டது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. பொற்காலம் என்று மேடைகளில் முழங்குவோர் இவ்வரியையும் சேர்த்துப் படிப்பது நன்று. ஆனால் சொல்லாராய்ச்சிக்கு இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. ‘தீண்டா’ என்று ஓர் அடைமொழியை முன்னே வைக்க வேண்டியிருந்தது என்பதே, சேரி என்னும் தனிச்சொல்லுக்கு அந்நாளில் அப்பொருள் ஏறவில்லை என்பதற்குச் சான்றாகும். நாளடைவில் அடைமொழிகள் உதிர்ந்தன. அக்கிரகாரமும் தெருவும் ஊரும் பிறர்க்கு ஆயின. சேரி நமக்கு மட்டும் ஆயிற்று. சொல்லை நாம் மாற்றவில்லை. சொல்லைச் சுற்றியிருந்தோர் விலகிக்கொண்டனர்.

‘பறை’ என்னும் சொல்லின் கதை இன்னும் நெடியது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையும் ஒன்று என்பது தொல்காப்பியம். பறைதல் என்றால் சொல்லுதல்; மலையாள மொழியில் இன்றும் நாள்தோறும் வழங்கும் வினைச்சொல் அது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு பெயர்களைச் சொல்லி, இவையன்றி வேறு குடிகள் இல்லை என்கின்றது. அந்நூலிலேயே இழிசினன் என்னும் வசைச்சொல்லும் இடம் பெற்றிருப்பதால், சங்க காலத்தில் எல்லோரும் சமமாக வாழ்ந்தனர் என்று நான் வாதாட வரவில்லை. குடிப்பெயராகச் சொல்லப்பட்ட ஒரு சொல் பின்னர் எவ்வாறு கப்பலேறிற்று என்பதையே காட்ட விழைகின்றேன்.

17ஆம் நூற்றாண்டில் கீழ்த்திசைக்கு வந்த ஐரோப்பியர் இச்சொல்லைக் கேட்டுத் தம் நாவுக்கு ஏற்பத் திரித்துப் ‘பரையா’ என்று எழுதினர். முதலில் அது தென்னாட்டு மக்களுள் ஒரு பிரிவினரின் பெயராகவே அவர்தம் நூல்களில் இருந்தது. பின்னர் இந்தியாவிலுள்ள தீண்டப்படாதார் அனைவரையும் குறித்தது. அதன்பின் எந்நாட்டிலும் எக்காரணத்தாலும் விலக்கப்பட்ட எவரையும் குறிக்கலாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் டி செயின்ட் பியர் ஒரு பறையரைத் தம் கதையில் இயற்கையறிவு மிக்க ஞானியாகப் படைத்தார். 1821இல் பாரிசு நகரில் கசிமிர் டெலவின் இயற்றிய நாடகத்துக்கே அப்பெயர் சூட்டப்பட்டது. செருமானிய மகாகவி கோதேயும் அத்தலைப்பில் கவிதை இயற்றினார். சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர் யூத மக்களின் நிலையை விளக்க இச்சொல்லையே கையாண்டார். இன்று பிற நாடுகளால் ஒதுக்கப்பட்ட நாட்டைக் குறிக்கவும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் இதனையே எழுதுகின்றன. தெருவில் திரியும் நாய்க்கும் ஆங்கிலேயர் இதனையே அடைமொழியாக்கினர். உலக மொழிகளுக்குத் தமிழ் ஈந்த சொற்களைப் பெருமையுடன் பட்டியலிடும் அறிஞர்கள் கட்டுமரத்தையும் சுருட்டையும் குறிப்பிட்டு, இவ்விடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்துவதை நான் கவனித்திருக்கின்றேன். ஒரு மக்களின் பெயரை வசையாக்கிக்கொண்ட மொழிகளுள் எதுவும் அம்மக்களை ஒரு சொல் கேட்டதில்லை.

இந்நிலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம்மவருள் இரு பேரறிஞர் தோன்றினர். இருவரும் உறவினர், ஒருவர் மற்றவருடைய தமக்கை தங்கை உறவு வழி மைத்துனர். ஆயினும் நம் பெயர் என்ன என்னும் வினாவுக்கு இருவரும் தந்த விடைகள் நேர் எதிரானவை. இவ்விடத்தில் இளைஞர்கள் சற்று நின்று படிக்க வேண்டுகின்றேன்.

பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) சித்த மருத்துவர். தமிழும் வடமொழியும் பாலியும் அறிந்தவர். சாதிப்பெயர்கள் அனைத்தும் பகைவர் சூட்டியவை என்பது அவர் கொள்கை. நாம் பூர்வ பௌத்தர். பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது நம்மையும் வீழ்த்தி இழிபெயரிட்டனர் என்று அவர் வாதிட்டார். ஆகவே இழிபெயரைத் தொடவே கூடாது. 1891இல் திராவிட மகாஜன சபையை அமைத்தார். 1907 சூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. தமிழன் என்னும் பெயரை ஓர் அரசியல் அடையாளமாக இதழின் நெற்றியில் முதற்கண் பொறித்தோருள் அவர் ஒருவர் என்பதை மொழிப்பற்றுடையோர் பலர் பன்னெடுங்காலம் நினைவுகூரவில்லை. குடிக்கணக்கு எடுக்க வருவோரிடம் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்று சொல்லுங்கள் என்று அவர் நம் மக்களுக்கு அறிவுறுத்தினார். அவர் செய்த சொற்போரின் முறையும் தனித்தன்மை உடையது. பிராமணர் என்னும் சொல்லை அவர் பழிக்கவில்லை. அதற்கு முன்னே ஓர் அடைமொழியை வைத்தார். ஒழுக்கத்தால் உயர்ந்தோர் ‘யதார்த்த பிராமணர்’. பிறப்பைக் காட்டி உயர்வு கொண்டாடுவோர் ‘வேஷ பிராமணர்’. சேரிக்கு முன்னே ‘தீண்டா’ என்று வைத்தோரின் படைக்கலத்தையே எடுத்து அவர்பால் திருப்பினார் எனலாம். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் அனைத்தையும் இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. அதனால் அவர் கேட்ட கேள்வியின் வலிமை குன்றிவிடாது.

மற்றவர் இரட்டைமலை சீனிவாசன். 1893 அக்டோபரில் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. அதன் பெயர் ‘பறையன்’. நாலாந்தெருவில் எவர் வாயிலிருந்தும் வசையாக வந்த சொல்லைத் தலைப்பாக அச்சிட்டு, அதை விலை கொடுத்து வாங்கிப் படிக்க வைத்தார். நம்மவன் ஒருவன் நான் இன்னான் என்று முன்வந்து சொல்லாதவரை அவன் தன் உரிமையைக் கேட்க இயலாது, அஞ்சி ஒடுங்கியே இருப்பான் என்பது அவர் கூறிய காரணம். பெயரை மறைத்து நகரங்களில் வாழத் தலைப்பட்ட படித்த சிலரை அவர் அந்நாளில் கண்டிருந்தார். பெயரை மறைத்தவன் தன்னளவில் தப்பிக்கலாம். விண்ணப்பத்தில் கையொப்பமிட அவன் வரமாட்டான். அவ்விதழ் ஏழாண்டுகள் நடந்தது. ‘பறையர் மகாஜன சபை’ என்னும் பெயரிலேயே அரசுக்கும் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கும் விண்ணப்பங்கள் சென்றன.

அயோத்திதாசர் அப்பெயரை ஏற்றாரில்லை. இவர்களுள் யார் கூறியது சரி என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஒருவர் பெயரைக் களைந்தெறிய விரும்பியதும் மற்றவர் அதனைக் கையில் ஏந்தியதும் ஒரே காயத்தின் பொருட்டே. ஆயினும் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கின்றேன். அடிமைச் சொல்லைத் தலைப்பில் ஏற்றிய துணிவு அன்றைக்குத் தேவையாயிருந்தது. ஆனால் அத்துணிவு எழுதுபவனுக்கே உரியது. அதே சொல்லை மேலிருந்து எறிபவன் வாயில் அது வசையே. யார் சொல்கின்றார் என்பதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடைபோட இயலாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

அரசாங்கமோ இவ்விருவரையும் விடுத்து வேறொரு பெயரைக் கைக்கொண்டது. ‘பஞ்சமர்’. கேட்பதற்கு நாகரிகமான வடசொல். வசையின் சாயல் இல்லை. கர்னல் ஆல்காட் 1894 முதல் சென்னையில் நிறுவிய இலவசப் பள்ளிகளும் பஞ்சமர் பள்ளிகள் என்றே பெயர் பெற்றன. அப்பள்ளிகள் செய்த நன்மை பெரிது. அதனை மறுப்பது நன்றிகொன்ற செயலாகும். பெயரை மட்டும் பாருங்கள். பஞ்சமர் என்றால் ஐந்தாமவர். ஐந்தாமவர் என்று ஒருவரைச் சொல்வதற்கு, நால்வரை முன்னே எண்ணியாக வேண்டும். நான்கு வருணத்தை நம்பாதவனும் இச்சொல்லை உச்சரிக்கும் கணத்தில் அதனை ஒப்புக்கொண்டவன் ஆகின்றான். வசைச்சொல் அடித்தது, இச்சொல் அடிக்காமலே வரிசையின் கடைசியில் நிற்க வைத்தது.

அதற்கு நம்மவர் தந்த மறுமொழிதான் ‘ஆதி’ என்னும் ஈரெழுத்து. எண்ணுகின்ற முனையையே மாற்றிவிட்டனர். ஐந்தாவது என்று நீ எண்ணுகின்றாய். இந்த மண்ணில் முதலாவது நான் என்றனர். இது தமிழ்நாட்டில் மட்டும் எழுந்த குரலன்று. 1917இல் பெசவாடாவில் பாக்கியரெட்டி வர்மா தலைமையில் பஞ்சமர் மாநாடாகக் கூடியோர் ஆதி ஆந்திரர் என்று பெயர் கொண்டு கலைந்தனர். பஞ்சாபில் மங்கூராம் 1926இல் தொடங்கிய ஆதி தர்ம இயக்கத்தின் பெயரை 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் சமயமாகப் பதிந்தனர். மைசூரில் ஆதி கர்நாடகர், வடக்கே ஆதி இந்துக்கள். சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா 1922 சனவரியில் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கித் தமிழ் மாவட்டங்களில் ஆதி திராவிடர் என்றும், தெலுங்கு மாவட்டங்களில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டுமென்பது அதன் சாரம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அரசாணை பிறந்தது. கேட்டவர் நாம், கொடுத்தவர் அரசு. நம் பெயர் வரலாற்றில் அப்படி நிகழ்ந்தவை மிகச் சிலவே என்பதால் அவ்வாண்டை நினைவில் வைக்க வேண்டும்.

ஆணை பிறப்பது வேறு, எழுத்தர் கை மாறுவது வேறு. நான் பணியாற்றிய ஊர்களுள் ஒன்றில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கறையான் அரித்தது போக எஞ்சியிருந்தன. ஒரே குடும்பத்தில் கொள்ளுப் பாட்டனார் ‘பஞ்சமர்’, பாட்டனார் ‘ஆதி திராவிடர்’, தந்தையார் ‘ஹரிஜன்’, பிள்ளையோ ‘எஸ்.சி.’. நான்கு தலைமுறையும் ஒரே தெரு. தொழில் என்னும் கட்டத்தில் முதல் மூவருக்கும் ‘கூலி’ என்றே எழுதியிருந்தது. பெயர் நான்கு முறை மாறியபோதும் அந்தக் கட்டம் மூன்று முறை மாறவில்லை. நான்காவது முறை அது மாறியதற்குக் காரணம் பெயரன்று. பெயருக்கு நேரே இருந்த மதிப்பெண்.

ஆங்கில ஆவணங்களில் அந்நாளில் வழங்கிய பெயரை நம் இதழ்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்று மொழிபெயர்த்தன. இங்கே தமிழாசிரியர் அல்லாத நானும் சற்றுத் தமிழ் இலக்கணம் பேச வேண்டியிருக்கின்றது. ‘தாழ்’ என்பது தன்வினை. ‘தாழ்த்து’ என்பது பிறவினை. ‘தாழ்ந்த சாதி’ என்று எழுதினால், தாழ்தலாகிய வினையைச் செய்தவர் அவரே ஆகின்றார். தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல் அவர் தாமே தாழ்ந்தார் என்றாகின்றது. ‘தாழ்த்தப்பட்ட’ என்று எழுதினாலோ, எழுவாய் மறைந்திருக்கும் செயப்பாட்டு வினை அது; தாழ்த்தியவர் யார் என்னும் கேள்வி வாக்கியத்துக்குள்ளேயே குத்தி நிற்கும். ‘பிற்பட்ட’ என்பதற்கும் ‘பிற்படுத்தப்பட்ட’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ‘தீண்டத்தகாதவர்’ என்னும் சொல்லைப் பாருங்கள். தகுதியின்மை யாருடையது என்று அது சொல்கின்றது? தீண்ட மறுத்தவன் வாக்கியத்தில் எங்கும் இல்லை. மறுக்கப்பட்டவன் மீது தகாமை ஏற்றப்பட்டுவிட்டது. நடுநிலையோடு எழுதுவதாகக் கருதும் நல்லோரும் இச்சொற்களை மாற்றி மாற்றி எழுதுகின்றனர். நம் இளைஞர் எழுதும்போது அவ்வாறு நேரலாகாது.

மேலே சொன்ன ஆங்கிலப் பெயரையும் நம் தலைவர்கள் வாளாவிருந்து ஏற்கவில்லை. 1931 நவம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டின் சிறுபான்மையினர் குழுவிடம் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் இணைந்து அளித்த கூடுதல் குறிப்பில், அப்பெயர் இழிவு தருவது, புதிய அரசியலமைப்பு எழுதப்படும் இவ்வேளையில் அதனை மாற்ற வேண்டும் என்று கோரினர். ‘சாதியற்ற இந்துக்கள்’ என்பது போன்ற மாற்றுப் பெயர்களையும் முன்மொழிந்தனர். தனித்தொகுதியும் வாக்குரிமையும் பேசுவதற்குச் சென்ற இடத்தில் பெயருக்கும் ஒரு பத்தி ஒதுக்கினர் என்பது நோக்கத்தக்கது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ‘பறையன்’ என்று இதழுக்குப் பெயரிட்ட அதே சீனிவாசன்தான் அக்குறிப்பில் கையொப்பமிட்டவர். இதில் முரண்பாடு காண்போர் உளர், நான் காணவில்லை. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமையைத்தான் அவர் இரண்டு இடத்திலும் கேட்டார்.

அடுத்து வந்தது மங்கல வழக்கு. பூனா ஒப்பந்தத்தையொட்டிக் காந்தியடிகள் ‘ஹரிஜன்’ என்னும் சொல்லைப் பரப்பினார்; 1933 பிப்ரவரி 11ஆம் நாள் அப்பெயரிலேயே வார இதழும் வெளிவந்தது. இறைவனின் மக்கள் என்பது பொருள். அடிகளின் நோக்கத்தை ஐயுறுவதற்கில்லை. அச்சொல்லைப் பெருமையுடன் சுமந்த நம் பெரியோர் பலர். அப்பெயர் தாங்கிய விடுதிகளில் உண்டு உறங்கிப் படித்தே பலர் அரசுப் பணிக்கு வந்தனர். ஆனால் சொல்லின் குறிப்புப் பொருளை அளிப்பது கொடுப்பவரின் நோக்கம் மட்டுமன்று. ஹரிஜன் இதழின் முதல் இதழிலேயே வெளியான தம் குறிப்பில், சாதி உள்ளவரை சாதிக்குப் புறம்பானோரும் இருப்பர் என்று அம்பேத்கர் தெரிவித்தார். பெயரை மாற்றினால் போதாது, அமைப்பை மாற்ற வேண்டும் என்பது அதன் கருத்து. 1938 சனவரியில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் இச்சொல் இடம்பெற்றபோது அவருடைய கட்சியினர் எதிர்த்து, ஏற்கப்படாமையால் வெளிநடப்புச் செய்தனர். இவர்கள் கடவுளின் மக்கள் என்றால் மற்றையோர் யாருடைய மக்கள் என்று அன்று எழுப்பப்பட்ட வினாவுக்கு எவரும் விடை சொல்லவில்லை.

சொல் தேய்ந்த விதத்தையும் காண்க. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது கிராமத்துத் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்தது. தனிக் குவளை அங்கேயே இருந்தது. குவளைக்குரியவனின் பெயர் மட்டும் இறைவனோடு இணைக்கப்பட்டது. பழைய வசையைச் சொல்ல நாணியவர் அதே தொனியில் இதைச் சொன்னார். நிறம் மாறாத ஆட்டின் மேல் வெண்மை எவ்வளவு நாள் ஒட்டும்? 1982இல் சாதிச் சான்றிதழ்களில் இச்சொல்லை எழுதலாகாது என மைய அரசு அறிவுறுத்தியது. 2017இல் உச்சநீதிமன்றமும் இச்சொல் இக்காலத்தில் இழிவுபடுத்தும் பொருளில் வழங்குவதைச் சுட்டிக்காட்டியது.

1935ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் 1936ஆம் ஆண்டு ஆணையும் ‘அட்டவணை’ என்னும் சொல்லை நிலைநாட்டின. 1950இல் குடியரசு அதனைத் தொடர்ந்தது. அட்டவணைக்கு வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. தாளில் ஒரு பட்டியல்; அதில் பெயர் இருந்தால் உரிமை உண்டு, இல்லையேல் இல்லை. உணர்ச்சியற்ற சொல் என்று சிலர் குறைப்படுவர். நானோ அதனையே அதன் நிறை என்பேன். ஆயினும் அப்பட்டியலுக்குள்ளே பெரும்பாலான பெயர்கள் ‘அன்’ ஈறு கொண்டு, பலர்பாலும் உயர்வுப் பன்மையும் தமிழில் இல்லாததுபோல் எழுதப்பட்டன. 2021இல் ஏழு பெயர்கள் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்னும் பெயரின் கீழ் நாடாளுமன்றச் சட்டத்தால் கொணரப்பட்டமை, அந்த ஓரெழுத்து எவ்வளவு கனத்தது என்பதைக் காட்டும்.

‘தலித்’ என்னும் சொல்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். இளைஞர்கள் என்னைவிட நன்கறிவர். உடைக்கப்பட்டோர், நொறுக்கப்பட்டோர் என்று பொருள்படும் அச்சொல்லை 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் போர்க்குரலாக்கியது. உழைப்பாளரையும் நிலமற்றோரையும் பெண்களையும் அவர்கள் அச்சொல்லுக்குள் அழைத்தனர். தமிழ்நாட்டில் 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி, அது பரவிற்று. துன்பத்தை ஒளிக்காத சொல் என்று ஏற்போரும், உடைந்தோம் என்று நாமே சொல்லிக்கொள்வதா என்று மறுப்போரும் நம் கழகத்திலேயே உள்ளனர். அம்பேத்கர் தம் இதழ்களுக்கு இட்ட பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு வழி தென்படுகின்றது. 1920இல் ‘மூக்நாயக்’, வாய்பேசாதோரின் தலைவன். 1927இல் ‘பகிஷ்கிருத பாரத்’, விலக்கப்பட்ட பாரதம். 1930இல் ‘ஜனதா’, மக்கள். 1956இல் ‘பிரபுத்த பாரத்’, விழிப்புற்ற பாரதம். வாயற்றவன் விழித்தவனாக முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

பெயர்ச்சொற்களைப் போலவே வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. இத்தகைய நிகழ்ச்சிகளை ‘மோதல்’ என்று எழுதும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. மோதலுக்கு இருவர் வேண்டும். இருவர் கையிலும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். பூட்டிய குடிசைக்குள் இருந்த குழந்தை எதனோடு மோதிற்று? ‘கலவரம்’, ‘தகராறு’, ‘அசம்பாவிதம்’ என்னும் சொற்களும் இவ்வினத்தனவே. இவற்றில் வினை இருக்கும், வினைமுதல் இராது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தமிழில் ‘வன்கொடுமை’ என்னும் சொல் அமைந்தது. கொடுமை என்பதே போதுமே, ‘வன்’ எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மோதல் என்று எழுதிப் பழகிய கைக்கு அந்த ஓரடைமொழி தேவைப்பட்டது என்றேன்.

இனி நம் முகவரிக்கு வருவோம். ‘காலனி’ என்பது அயல்மொழிச் சொல். குடியேற்றம் என்பது பொருள். நகரத்தில் இரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் மதிப்பு. கிராமத்தில் வெறுமனே காலனி என்றால் எந்தத் தெரு என்று எல்லோர்க்கும் தெரியும். அரசு நம் மக்களுக்குக் கட்டித் தந்த தொகுப்பு வீடுகளுக்கு இட்ட பெயர் சேரியின் இடத்தில் அமர்ந்து, சேரியின் பொருளையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது இச்சொல்லுக்கு முன் பேனாவை நிறுத்திய மாணவர்களைக் கண்டிருக்கின்றேன். கதவு எண்ணையும் ஊரையும் எழுதி நடுவில் உள்ளதை விட்டுவிடுவர். நேர்காணல் கடிதம் சேராமற் போனவர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் இச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. புதிய பெயர்ப்பலகை எழுதுமுன் அத்தெருவினரைக் கூட்டிக் கேட்பார்களாயின் 1922ஐப் போல இருக்கும். கேளாது எழுதினால் 1933ஐப் போல இருக்கும். நம் கிளைகள் அவ்வவ்வூர்க் கூட்டங்களில் தவறாது கலந்துகொண்டு பெயரை முன்மொழிய வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன்.

ஆனால் எல்லாப் பழைய சொற்களையும் அழித்துவிட அவசரப்படாதீர்கள். செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையையொட்டி, 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணையால் வழங்கப்பட்ட நிலங்களுக்கு இன்றும் ‘பஞ்சமி நிலம்’ என்றே பெயர். அவற்றை நம்மவர் அல்லாதார்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. வருவாய்த் துறைக் கணக்குகளில் ‘டி.சி.’ என்று இரண்டே எழுத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். 1931இல் நம் தலைவர்கள் இலண்டனில் வேண்டாமென்று சொன்ன அதே ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. அந்நிலங்களுள் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. 1994 அக்டோபரில் செங்கற்பட்டுப் பகுதியில் காரணை நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் சான் தாமசு, ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் உயிர் நீத்தனர். ஐந்தாமவர் என்று நம்மை வரிசையில் நிறுத்திய சொல்தான் அது. நிலம் யாருடையது என்பதற்கு எழுத்துச் சான்றாக எஞ்சியிருப்பதும் அதுவே. உங்கள் ஊர்க் கிராமக் கணக்கில் அந்த இரண்டு எழுத்துகள் எந்தெந்தப் புல எண்களுக்கு நேரே உள்ளன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதோர் ஞாயிறுதோறும் மாலையில் கழக நூலகத்துக்கு வந்தால் எழுதித் தருகின்றோம்.